ஒன்பதாம் எண்ணுக்கு விடுப்பு

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு கொக்கி, முப்பத்தொரு படம். எழுத்து தெரியாத பிள்ளைகள் தங்கள் இடத்தைப் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆமைக்காரன் ஆமைக்குக் கீழே பையை மாட்டுவான், குடைக்காரி குடைக்குக் கீழே.

பத்தொன்பது வருஷமாக இந்தப் படங்களை வரைந்தது டீச்சர் அல்ல, அவள் தங்கை. கல்யாணம் ஆகாத அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். விடுமுறை முடிகிற வாரத்தில் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்துவிட்டுத் தங்கை வரைவாள், அக்கா வெட்டுவாள். மாட்டுக்கு ஏன் சிரித்த முகம், ரயிலுக்கு ஏன் புருவம் என்று அக்கா குறை சொல்வாள். கோணலாக வெட்டுகிற கையை வைத்துக்கொண்டு பேச்சைப் பார் என்று தங்கை திருப்பிக் கொடுப்பாள். இந்த விடுமுறையில், நாற்பத்தாறு வயதில், அந்தத் தங்கை கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், அச்சகம் வைத்திருப்பவர். பஸ்ஸில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஊர்.

"படமெல்லாம் வரைஞ்சு தபால்ல அனுப்பட்டுமாக்கா?" என்று தங்கை போனில் கேட்டாள்.

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். நல்லா இருக்கேன். வெச்சுடறேன்."

அவளே வரைந்தாள். யானை போட நினைத்தால் டீ கெட்டில் வந்தது. முயல், காது நீண்ட உருளைக்கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒட்டி முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். சேர்ந்து சிரிக்க ஆள் இருந்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

முதல் நாள் எல்லா வருஷமும் போலத்தான் விடிந்தது. கதவுப் பிடியைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் அழுதான். அவன் அழுவதைப் பார்த்து, அதுவரை சமர்த்தாக இருந்த நான்கு பேர் அழுதார்கள். ஜன்னலுக்கு வெளியே அம்மாக்களின் தலைகள் வரிசை கட்டி நின்றன. "போங்கம்மா, நீங்க போனாத்தான் அடங்கும்" என்று டீச்சர் ஜன்னல் ஜன்னலாகப் போய் விரட்டினாள். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து பேச்சை நிறுத்தவில்லை. அந்த வாயாடிதான் முதலில் கேட்டாள்: "டீச்சர், என் கொக்கி மேல இருக்கிறது பூனையா, செருப்பா?"

"பூனை."

"செருப்பு மாதிரிதான் இருக்கு. பரவால்ல டீச்சர், எனக்குச் செருப்பும் பிடிக்கும்."

வருகைப் பதிவை டீச்சர் எண் சொல்லித்தான் எடுப்பாள். பெயரோடு எண்ணும் மனசில் பதியட்டும் என்று பழக்கிய வழக்கம். எட்டு வரைக்கும் "உள்ளேன் டீச்சர்" வந்தது. ஒன்பதுக்கு வரவில்லை. வாயாடிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பெண் பிள்ளை, வயது ஐந்தரை, சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து, வேலை என்ற இடத்தில் லிஃப்ட் மெக்கானிக். முதல் நாள் சில பிள்ளைகள் வராமல் போவது சகஜம். டீச்சர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பத்துக்குப் போனாள்.

இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் "ஒன்பது" என்றதும் வகுப்பே கோரஸாக "வரலை டீச்சர்!" என்றது. அது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. ஒன்பது எப்போது வரும் என்று காத்திருந்து கத்தினார்கள். வாயாடி மட்டும் கத்தவில்லை. காலி நாற்காலியில் யார் உட்கார வந்தாலும், "இது ஒன்பதோட இடம். அவ வந்தா எங்க உக்காருவா?" என்று தள்ளிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவைத் திறந்து அந்த நாற்காலி பக்கம் பார்த்துத்தான் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டாள். அவளும் டீச்சரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி மாடிப்படி ஏறி அந்த அறைக்குப் போனாள், ஒருத்தி ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"லெட்டர் இல்லாம பத்து நாள் வரலைன்னா பேரை எடுத்துடணும். வெளியில ஆறு பிள்ளைங்க இடத்துக்குக் காத்துட்டிருக்கு. தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடேன். உனக்கு வீட்ல யாரு காத்திருக்கா?"

தலைமையாசிரியை இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். டீச்சர் முகவரியை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

தையல் கடைக்கு மேலே முதல் மாடி. கதவைத் தட்டியதும் உள்ளே யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர், சட்டை மேல்பையில் ஸ்க்ரூடிரைவர். டீச்சரைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார், படிக்கட்டின் அடிவரைக்கும் பார்த்தார். பிறகு முகம் வாடிவிட்டது.

"நான் ஒண்ணாம் கிளாஸ் டீச்சர். உங்க பொண்ணு ஸ்கூலுக்கு வரலையேன்னு..."

"உள்ள வாங்க டீச்சர்."

நாற்காலி முதுகில் புதுப் பை தொங்கியது. இஸ்திரி போட்ட சின்னச் சீருடை மடிப்புக் கலையாமல் அதன் மேல் கிடந்தது. தரையில் பெரிய ஆள் செருப்பு ஒரு ஜோடி. வீட்டில் வேறு யாரும் இருப்பதற்கான சத்தமோ வாசனையோ இல்லை. அந்த மாதிரி வீடு எப்படி இருக்கும் என்று டீச்சருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

"அவங்க அம்மா கூட்டிட்டுப் போய்ட்டா. ஸ்கூல் திறக்க ரெண்டு நாள் இருக்கறப்ப. அவ அண்ணன் வீட்டுக்கு" என்றார் அவர்.

டீச்சர் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அடிச்சீங்களா?"

அவருக்கு அது கோபம் வரவழைக்கவில்லை. "இல்ல டீச்சர். ஒரு நாளும் இல்ல. குடிக்கிறதும் இல்ல." கொஞ்ச நேரம் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வந்துடுவாங்க. பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

"லீவு லெட்டர் இல்லாம பத்து நாள் வரலைன்னா எடுத்துடுவாங்க. அது ரூல்."

"லெட்டர் இருந்தா?"

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருந்தா... லீவுன்னு போட்டுக்கலாம்."

மறுநாள் காலை வாசல் காவலாளி ஒரு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 'மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு, என் மகளுக்குக் காய்ச்சல் இருப்பதால் இன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எழுத்து பெரிதாக, வரிக்கு வரி அளவெடுத்தது போல் இருந்தது. ஏழாம் நாள் இருமல். எட்டாம் நாள் வயிற்று வலி. ஒன்பதாம் நாள் பொன்னுக்கு வீங்கி, பத்தாம் நாள் கண் வலி. பிள்ளையின் அப்பா வேலைக்குப் போகிற வழியில் கேட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகக் காவலாளி சொன்னார். தலைமையாசிரியை கடிதங்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு ஸ்கூல்ல இல்ல, ஆஸ்பத்திரில அட்மிஷன் வாங்கணும்" என்றாள். ஆனால் கோப்பில் வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் மாலை மூன்றே முக்கால் மணிக்கு, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, லிஃப்ட்காரர் வகுப்புக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஒரு விஷயம் டீச்சர். இவ்வளவு நாள்ல என்ன நடத்துனீங்கன்னு சொன்னா நான் எழுதி வெச்சுக்குவேன். வந்ததும் பிள்ளை முழிக்கக் கூடாது பாருங்க."

அவள் நாற்காலியைக் காட்டினாள். அது ஒன்றாம் வகுப்பு நாற்காலி. அவர் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காது வரை வந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்தது, இருவரும் அடக்கிக்கொண்டார்கள்.

"முதல்ல கோடு. நிக்கிற கோடு, படுத்த கோடு, சாஞ்ச கோடு. அப்புறம்தான் எழுத்து. நிக்கிற கோட்டையும் படுத்த கோட்டையும் சேத்தா ட. அதுக்கு இன்னொரு பக்கமும் கோடு நிறுத்தினா ப."

"அட, அதான் சங்கதியா! எங்களையெல்லாம் அ-வுல ஆரம்பிச்சு முட்டி பெயர்த்தாங்களே" என்றார் அவர். பாக்கெட்டிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து அதன் பின்பக்கத்தில் ட எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே இருபது நிமிஷம் கிடைக்கும்போது வருவதாகச் சொன்னார். அன்றைய பாடத்தை டீச்சர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவாள். அவர் அதைப் படித்துப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்பார். பாட்டு என்றால் ராகம் எப்படி என்று கேட்பார், அவள் வெட்கத்தோடு இரண்டு வரி பாடிக் காட்டுவாள். அவர் வேலையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்வார். "மேல போறது, கீழ வர்றது, அதான் டீச்சர் என் பொழப்பு. நாள் முழுக்க அந்த லிஃப்ட் குழிக்குள்ள நான் மட்டும்தான். மாட்டிக்கிட்டவங்க உள்ள இருந்து கத்துவாங்க பாருங்க, அன்னிக்குத்தான் நாலு வார்த்தை பேசுவேன்." அவள் வாயாடியைப் பற்றிச் சொல்வாள். ஒன்பதோட பென்சில் என்று ஒரு பென்சிலை அவள் காலி மேஜையில் வைத்திருப்பதைச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றரை மணி ஆனதும் டீச்சர் கரும்பலகையைத் துடைத்து, கையைக் கழுவி, முகத்தையும் கழுவிக்கொள்ள ஆரம்பித்தாள். அதில் விகல்பமாக எதுவும் இல்லை. வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை வரை அவளுக்குப் பேச்சு கிடையாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிடுவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உடம்பு எப்படி, நல்லா இருக்கேன். வெச்சுடறேன். அந்தப் பக்கம் இன்னும் ஏதோ பேச வாயெடுப்பது கேட்கும். இவள் வைத்துவிடுவாள்.

பதின்மூன்றாம் நாள் வந்த கடிதத்தில் நோய் எதுவும் இல்லை. வியாதிகள் தீர்ந்துவிட்டன போலும். 'என் மகள் இன்னும் வரவில்லை. தயவுசெய்து இன்றும் விடுப்பு அளிக்கவும்' என்று மட்டும் இருந்தது. டீச்சர் அதைத் தலைமையாசிரியையிடம் காட்டாமல், பதிவேட்டில் விடுப்பு என்று எழுதினாள். பொய்க் கடிதங்களுக்கு வராத தயக்கம் உண்மைக் கடிதத்துக்கு வந்தது. காரணமில்லாத கடிதத்துக்கு அவள் விடுப்பு எழுதியது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு தினமும் எழுதினாள்.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத் தபாலில் கடிதம் வந்தது. வேறு ஊர் பள்ளி ஒன்றின் முத்திரை. இன்னார் மகள் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், மாற்றுச் சான்றிதழ் அனுப்பி வைக்கவும். கீழே அம்மாவின் கையெழுத்து.

தலைமையாசிரியை கடிதத்தை டீச்சரிடம் கொடுத்தாள். "டிசி எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். அந்தாளுக்கும் சொல்லிடு."

டீச்சர் சொல்லவில்லை. அன்று மாலை லிஃப்ட்காரர் வந்தார், கடிதம் மேஜை டிராயரில் இருந்தது, அவள் 'மரம், படம், பட்டம்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். மறுநாளும் வந்தார். சான்றிதழ் எழுத நேரமில்லை என்று தலைமையாசிரியையிடம் சொன்னாள். சீட்டை வாங்கி மடிக்கும்போது அவர், "இதெல்லாம் சேத்து ஒரு நோட்டா தெச்சுட்டேன் டீச்சர். முதல் பக்கத்துல அவ பேரு எழுதி அட்டை போட்டிருக்கேன்" என்றார்.

அன்று வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஆளுக்குத் தன் பிள்ளை எங்கே படிக்கிறது என்று தெரியாது, தனக்குத் தெரியும். தெரிந்தும் ஒளித்து வைத்தது எதற்காக? மூன்றே முக்காலுக்கு ஒருத்தர் வந்து கதவோரம் செருப்பைக் கழற்றுவதற்காக. தன்னை இவ்வளவு சின்னவளாக அவள் என்றைக்கும் கண்டதில்லை.

வியாழக்கிழமை அவர் உட்காரும் முன்பே கடிதத்தை எடுத்து நீட்டினாள். "செவ்வாய்க்கிழமையே வந்துச்சு. நான்தான் சொல்லல. தப்புதான்."

அவர் நின்றபடியே படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவே இல்லை.

"சேத்துட்டாளா" என்றார். பிறகு, "நல்லதுதான். பிள்ளை வீட்ல சும்மா இல்ல. நல்லதுதான்." உட்காரப் போனவர் உட்காராமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"நீங்க ஒரு தடவை கூடப் போய்ப் பாக்கலையா?"

"போய் என்ன டீச்சர் பேசுறது? அதுதானே சண்டையே. ரெண்டு வருஷமா நான் வீட்ல பேசல. கோவம்னு ஒண்ணும் இல்ல. வேலை முடிஞ்சு வருவேன், சாப்பிடுவேன், படுத்துடுவேன். அவ எதாவது கேட்டா ம்னு சொல்வேன். ஒருநாள் சொன்னா, செவுத்துகிட்ட பேசினாக்கூட எதிரொலி வரும், உங்ககிட்ட அதுவும் இல்லன்னு. அதுக்கும் நான் ம்னுதான் சொன்னேன்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்து உங்ககிட்ட பேசுறேன் பாருங்க, இதுல பாதிய அங்க பேசியிருந்தா..."

டீச்சருக்குச் சுருக்கென்றது. டிராயரிலிருந்து சான்றிதழ் படிவத்தை எடுத்து அப்போதே எழுத ஆரம்பித்தாள். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பள்ளியை விட்டு நீங்கும் தேதி. நன்னடத்தை என்ற இடத்தில், ஒரு நாள் கூடப் பார்த்திராத பிள்ளைக்கு, 'நன்று' என்று எழுதினாள். மாடிக்குப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து, தபாலுக்கு என்று வைத்திருந்த உறையில் போட்டு அவரிடமே கொடுத்தாள்.

"தபால்ல போட வேணாம். நீங்களே கொண்டு போய்க் குடுங்க. நோட்டையும் எடுத்துட்டுப் போங்க."

"வாசல்லயே நிறுத்திடுவாங்க டீச்சர்."

"நிறுத்தினா வாசல்ல நின்னு பேசுங்க."

அவர் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி ஆபீசுக்குப் போன் வந்தது, டீச்சரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். இரைச்சலுக்கு நடுவே லிஃப்ட்காரர் கத்திப் பேசினார். மச்சினர் நிஜமாகவே வாசலில் நிறுத்திவிட்டாராம். முக்கால் மணி நேரம் நின்றாராம். பிறகு பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டதாம். மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாளாம், வெளியே வரவில்லை. திரும்பி வருகிற பேச்சை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாளாம்.

"நோட்டு?"

"அங்க வேற மாதிரி நடத்துறாங்களாம் டீச்சர். இதெல்லாம் எப்பவோ தெரியும்ப்பாங்கிறா. ஆனா வாங்கி வெச்சுக்கிட்டா." சிரிப்பா வேறெதுவா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "இனிமே சாயங்காலம் வர வேலை இல்ல. ரொம்ப நன்றிங்க."

"சரிங்க" என்றாள் டீச்சர். போனை வைத்த பிறகுதான் சொல்ல எத்தனையோ தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை, காத்திருந்த ஆறு பேரில் ஒருவனை ஒன்பதாம் எண்ணில் சேர்த்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்தவன், எதற்கும் அழாதவன். வாயாடி இரண்டு நாள் அவனோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தாள், பிறகு அவனால் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை. வருகைப் பதிவில் "ஒன்பது" என்றதும் அவன் "உள்ளேன் டீச்சர்" என்றான். கோரஸாகக் கத்துவதற்கு மூச்சிழுத்து வைத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

அவன் சேர்ந்த அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனார்கள். டீச்சர் பலகையைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். வராந்தாவில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது, அது காவலாளி. "இன்னும் கெளம்பலையாம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அறையைப் பூட்டப் போனார். நாலேகால் வரை உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் அன்றைக்கே தங்கைக்குப் போன் செய்தாள். எடுத்தது தங்கை கணவர். கல்யாணத்தன்று வணக்கம் சொன்னதோடு சரி, அவரிடம் அவள் பேசியதில்லை.

"அவ மாடில துணி எடுக்கப் போயிருக்காக்கா. கூப்பிடட்டுமா?"

"இல்ல, இருக்கட்டும். நீங்க... எப்படி இருக்கீங்க?"

அந்தப் பக்கம் ஒரு திகைப்பு. "இருக்கேங்க. மெஷின்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது, பேப்பரக் கடிச்சுக் கடிச்சுத் துப்புது" என்று ஆரம்பித்தார். அச்சு இயந்திரம் பேப்பரை எப்படி இழுக்கும், எங்கே சிக்கும் என்று விவரமாகச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ம் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள். தங்கை இறங்கி வந்து, "யாருங்க இவ்வளவு நேரமா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அக்காதான் என்று சொல்லி அவர் போனைக் கொடுத்தார்.

"என்னக்கா, உடம்புக்கு என்ன?" பயந்த குரல்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லடி. நீ இல்லாம வீடு எனக்குப் பிடிக்கவே இல்ல. அதைச் சொல்லலாம்னுதான்."

தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எனக்கு மட்டும் நீ இல்லாம பிடிச்சிருக்கா?" என்றாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அடுத்த மாதம் மூன்று நாள் விடுமுறை வந்தது, டீச்சர் போய்விட்டு வந்தாள். வாசலில் தங்கை கணவர் பையை வாங்கிக்கொண்டார். பேச்சு கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். தங்கை அடுப்படியில் அவளுக்குத் தெரியாத இடங்களிலிருந்து பாத்திரங்களை எடுத்தாள். உதவி செய்யப் போன டீச்சருக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. "நீ உக்காருக்கா" என்று தங்கை விருந்தாளியிடம் சொல்வது போலச் சொன்னாள். அவள் உட்கார்ந்தாள். திரும்பும்போது பஸ் கிளம்பும் வரை இரண்டு பேரும் கீழே நின்றார்கள். எட்டு மணி நேரமும் அவள் தூங்கவில்லை.